ஓடுபாதை மாறிய காலை

கேப்டன் மெஹருன்னிசாவிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் அவரைவிட வயதில் மூத்தவர் தேவசகாயம் ஒருவர்தான். அவருக்கு நாற்பத்தாறு. கேப்டனுக்கு முப்பத்தெட்டு.

தேவசகாயம் இருபது வருடம் விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். ஒற்றை ஆள் உட்காரும் விமானம். பேசுவது, திருப்புவது, கணக்குப் போடுவது, குறி பார்ப்பது எல்லாம் அவரே. கை அவ்வளவு வேகம். அந்தக் கைதான் இப்போது அவர் காலை வாரிக்கொண்டிருந்தது. தரையில் இருந்தபடியே பயணிகள் விமானம் ஓட்டிப் பழகும் பயிற்சிக் கூண்டில், மேலே ஏறும்போது நிற்க வேண்டிய உயரத்தை இரண்டு தடவை தாண்டிப் போய்விட்டார். மூன்றாவது தடவை தாண்டினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த வயதில் வேறு கம்பெனி எடுக்காது. அதன்பிறகு வானத்தை மொட்டை மாடியில் நின்று பார்க்கலாம்.

கடைசிச் சோதனைக்கு முந்தின நாள் அவர் கேட்டார்.

"கேப்டன், தரையை விட்டதும் ஏழெட்டு வேலை ஒண்ணா வந்து விழுது. ரேடியோ, திருப்பம், சக்கரம், மேகம், பின்னால இருந்து பணிப்பெண் அடிக்கிற மணி வேற. எல்லாத்தையும் செய்யத்தான் செய்றேன். ஆனா ஒண்ணு கை நழுவிப் போயிடுது. அதை எப்படிப் பிடிக்கிறது?"

"நாளைக்குப் பறப்போம் அண்ணாச்சி" என்றார் கேப்டன்.

அவர் கீழக்கரைக்காரர். தேவசகாயத்துக்குச் சாயர்புரம். இருவருமே தெற்கத்திக்காரர்கள். அதனால் சோதிப்பவராக இருந்தும் 'அண்ணாச்சி'யை விடவில்லை.

மறுநாள் காலை, நூற்று எண்பது பேரோடு விமானம் ஓடுபாதையை நோக்கி உருண்டது. தரையில் ஓட்டுவது கேப்டன். மேலே ஏற்றுவது தேவசகாயம். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது மழை. அது வருவதற்குள் கிளம்பினால் நல்லது. தேவசகாயத்தின் நெஞ்சு பந்தயக் குதிரை மாதிரி முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் காற்று திரும்பியது. கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து குரல் வந்தது. ஓடுபாதை மாற்றம். எதிர்த்திசையில் கிளம்ப வேண்டும்.

ஓடுபாதை மாறினால் ஏறும் வழி மாறும். திருப்பம், வேகம், எடைக் கணக்கு, ரேடியோ எண் எல்லாம் மாறும். தேவசகாயம் காத்திருந்தவர் போல் பாய்ந்தார். விரல்கள் பொத்தான்களில் மழையாக விழுந்தன.

"முடிஞ்சுது கேப்டன். நாப்பதே செகண்டு!"

கேப்டன் ஓடுபாதைக்குப் போகும் வழியிலேயே பிரேக்கைப் போட்டார். விமானம் நின்றது.

"என்ன கேப்டன்?"

"நிக்கிறோம்."

"எல்லாம் மாத்திட்டேனே."

"சரி."

பின்னால் மூன்று விமானங்கள் வரிசை கட்டின. கோபுரம் கேட்டது, தயாரா என்று.

"இல்லை" என்றார் கேப்டன்.

"எவ்வளவு நேரமாகும்?"

"சொல்கிறேன்."

ரேடியோவில் யாரோ தமிழிலேயே சொன்னார்கள். "முன்னாடி வண்டி பஞ்சர் போல. இறங்கித் தள்ளணுமா?"

இன்னொருவர் சிரித்தார். தேவசகாயத்துக்குக் காதுமடல் சுட்டது. போர் விமானத்தில் அவரை ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை.

"கேப்டன், மழை வந்துடும். நம்மால எல்லாரும் நிக்கிறாங்க. என் பரீட்சைல ஏன் இப்படி?"

"கைய மடியில வையுங்க அண்ணாச்சி."

"வச்சு?"

"வச்சுட்டுப் பாருங்க."

ஞாயிறு பள்ளிப் பிள்ளை மாதிரி அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்தார். விரல்கள் துடித்தன. அவற்றுக்கு வேலை இல்லை. புது வழியின் தாளை மறுபடி படித்தார். திருப்பம் சரி. வேகம் சரி. ரேடியோ எண் சரி. கோபத்தோடு ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார்.

தாளின் கீழ் வரியில் இருந்தது: நாலாயிரம் அடியில் நிற்கவும்.

கண்ணாடிக்குக் கீழே சின்னக் கட்டம் ஒன்று உண்டு. அதில் எந்த எண் இருக்கிறதோ அந்த உயரம்வரை விமானம் ஏறும். அந்த எண்ணை அவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஏழாயிரம்.

பழைய வழியின் உயரம். மற்ற எல்லாவற்றையும் மாற்றிய கை அதைத் தொடவே இல்லை. புது வழிக்குக் குறுக்கே, ஐயாயிரம் அடியில், இறங்க வரும் விமானங்கள் போய்க்கொண்டிருந்தன.

அவர் குமிழைத் திருகினார். ஆறு, ஐந்து, நான்கு. விரலை நீட்டிக் கட்டத்தைக் காட்டினார்.

"நாலாயிரம்."

கேப்டனும் குனிந்து தாளைப் பார்த்தார், கட்டத்தைப் பார்த்தார், விரலை நீட்டினார்.

"நாலாயிரம்" என்றார். பிரேக்கை எடுத்தார்.

கிளம்பிய வேகத்தில் மழையின் முதல் துளிகள் கண்ணாடியில் வெடித்தன. இரைச்சல். சக்கரம் உள்ளே போனது. கோபுரம் வேறு எண்ணுக்கு மாறச் சொன்னது. பின்னாலிருந்து மணி அடித்தது. தேவசகாயத்தின் கை பழக்கத்தில் மணிப் பொத்தானை நோக்கிக் கிளம்பி, பாதியில் நின்று, திரும்பி வந்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"மூவாயிரம். இன்னும் ஆயிரம்" என்றார் கேப்டன்.

"இன்னும் ஆயிரம்."

விமானத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. நாலாயிரம். விமானம் மேசைமேல் வைத்தது போல் நின்றது.

மேகம் கிழிந்தது. தலைக்கு மேலே, வயிற்றில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்கும் தூரத்தில், ஒரு பெரிய வெள்ளை விமானம் குறுக்கே கடந்து போனது.

"யம்மா!" என்றார் தேவசகாயம்.

கேப்டன் மணிப் பொத்தானை அழுத்தினார். "சொல்லுங்க" என்றார். யாரோ ஒரு பயணிக்குத் தண்ணீர் வேண்டுமாம், இப்போது கொடுக்கலாமா என்று பணிப்பெண் கேட்டார்.

இறங்கிய ஊரில், பயணிகள் எல்லோரும் போன பிறகு, கேப்டன் சோதனைத் தாளில் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்திட்டார். தேவசகாயம் அதை வாங்கிக்கொண்டு எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"கேப்டன், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"கட்டத்துல ஏழாயிரம் இருந்ததை நீங்க பாத்துட்டீங்க. நானா கண்டுபிடிக்கிறேனான்னு பாக்கத்தானே நிறுத்தினீங்க?"

கேப்டன் தொப்பியை எடுத்தார்.

"இல்ல அண்ணாச்சி. அந்த நாப்பது செகண்டுல நானும் எதையும் பாக்கல. அதான் நிறுத்தினேன்."