வீட்டோடு வந்த விருந்தாளி

வடிவு என்ற ஆமை மூச்சு வாங்க அல்லி ஏரியின் வாசலுக்கு வந்து சேர்ந்தது. அதன் தோழி குமுதா என்ற நீர்நாய்க்குப் பௌர்ணமியன்று அங்கே கல்யாணம். இரண்டும் ஒரே குளத்தில் வளர்ந்தவை. குமுதாவை மாலையும் கழுத்துமாகப் பார்க்க வேண்டும் என்பது வடிவின் பெரிய ஆசை.

வாசலில் ஒரு கீரி காவலிருந்தது. வெளியூர் விலங்குகள் உள்ளே போக அதனிடம்தான் அனுமதி ஓலை வாங்க வேண்டும்.

"அமாவாசையோடு விண்ணப்ப நாள் முடிந்துவிட்டது. நீங்கள் இரண்டு நாள் தாமதம்" என்றது கீரி. பிறகு வடிவின் முதுகைப் பார்த்தது. "அதோடு, வீட்டையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். இங்கேயே தங்கிவிடும் எண்ணம்போல. அனுமதி இல்லை!"

வடிவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அருகே மரத்தடியில் மனு எழுதும் நரி உட்கார்ந்திருந்தது. "ஆமையக்கா, கவலைப்படாதீர்கள். யானைத் தலைவரிடம் மேல்முறையீடு செய்யலாம். காய்ச்சலில் படுத்திருந்தேன் என்று எழுதிவிடுகிறேன்."

"எனக்குக் காய்ச்சல் வரவில்லையே?"

"வந்தால்தான் எழுத வேண்டுமா? நான் எல்லாருக்கும் அதைத்தான் எழுதுகிறேன்."

"வேண்டாம் தம்பி. நானே பேசிக்கொள்கிறேன்" என்று வடிவு நகர்ந்தது.

மறுநாள் காலை யானையின் முன் முதலில் ஒரு குரங்கு நின்றது. அதன் மனுவைப் படித்த யானை சிரித்தது. "உனக்கும் காய்ச்சலா? முள்ளம்பன்றிக்குக் காய்ச்சல், உடும்புக்குக் காய்ச்சல். காடே படுத்துவிட்டது போலிருக்கிறதே! அனுமதி கிடையாது, போ."

அடுத்து வடிவின் முறை. அதற்குத் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ளலாமா என்றிருந்தது. ஆனாலும் நிமிர்ந்து நின்றது.

"ஏன் தாமதம்?" என்றது யானை.

"வழியில் நாவல் பழம் உதிர்ந்து கிடந்தது ஐயா. ஒரு பகல் முழுக்கத் தின்றுவிட்டேன். அது என் தவறு. இன்னொரு நாள் தாமதம் என் கால்களால் வந்தது. கல்யாணத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. என்னை விசாரிக்க அது போதாதா?"

யானையின் காதுகள் ஆடின. "சரி. வீட்டை ஏன் கொண்டுவந்தாய்?"

"கழற்ற முடியாதே ஐயா! யோசித்துப் பாருங்கள். வீடு இல்லாதவர்தான் உங்கள் ஏரியில் இடம் பிடிப்பார். என் வீடு என் முதுகிலேயே இருக்கிறது. உங்களிடம் ஓரடி மண்கூட எனக்கு வேண்டாம்."

யானை வாய்விட்டுச் சிரித்தது. அது தலையசைக்க, அருகே நின்ற கீரியும் சிரிப்பை அடக்க முடியாமல் ஓலையை எடுத்து நீட்டியது. "கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள் இந்த வாசலைத் தாண்டிவிட வேண்டும். சரிதானே?"

"அப்படியே ஆகட்டும்" என்றது வடிவு.

பௌர்ணமியன்று குமுதா மணமேடையிலிருந்து குதித்து ஓடிவந்து வடிவைக் கட்டிக்கொண்டது. தவளைகள் கொட்டு முழக்க, இரண்டும் தண்ணீரில் ஆடித் தீர்த்தன. மறுநாள் விடிந்ததுமே வடிவு விடைபெற்றது.

"இன்னும் இரண்டு நாள் இருக்கிறதே?" என்றது குமுதா.

"வாசல் உனக்குத்தான் பக்கம். என் கால்களுக்கு அது இரண்டு நாள் பயணம்!" என்று சிரித்தபடி வடிவு நடக்கத் தொடங்கியது.

தன் தவறை மறைக்காமல் ஒப்புக்கொண்டு தன் நியாயத்தைத் தெளிவாகச் சொல்பவருக்கு, மூடிய கதவும் திறக்கும்.