பெட்டியைப் பேச வைத்த ஆசாரி

கோயில் நகைப்பெட்டியில், பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு துளை. நகை ஒன்றும் இல்லை. தர்மகர்த்தா அம்பலவாணர் ஊரைக் கூட்டி, வீரபத்திர ஆசாரியின், மரம் துளைக்கும் திருகு அலகை அந்தத் துளைக்குள் விட்டுக் காட்டினார். கச்சிதமாகப் பொருந்தியது.

"துளை போட்டு, கம்பி விட்டுப் பூட்டை நெம்பியிருக்கான். இல்லேன்னா இந்தப் பெட்டியே வாயைத் திறந்து சொல்லட்டும்."

"சொல்ல வைக்கிறேனுங்க" என்ற ஆசாரி, கரண்டி அலகு, ஈட்டி அலகு, திருகு அலகு என்று துளைக்கருவியில் மாற்றி மாற்றி மாட்டி ஒரு பலகையைத் துளைத்தார். எதைப் போட்டாலும் அலகு நுழைந்த பக்கம் சுத்தமாக இருந்தது; வெளியே வந்த பக்கம் மரம் சிலாம்பு சிலாம்பாகப் பெயர்ந்தது.

பெட்டியில் சிலாம்பு வெளிப்பக்கம் நின்றது.

"உள்ளேயிருந்து துளைச்சிருக்குங்க. அப்போ மூடி ஏற்கெனவே திறந்திருக்கு. சாவி என்கிட்ட இல்லீங்க. திருகு அலகும் போன வாரம் ஊஞ்சல் மாட்டணும்னு உங்க வீட்டுக்குத்தான் வந்துச்சு."

எல்லார் கண்ணும் தர்மகர்த்தாவின் இடுப்புச் சாவிக்குப் போனது. வாய் ஒன்றும் திறக்கவில்லை. அத்தனை பேரும் அவர் நிலத்தில் குத்தகைக்கு உழுகிறவர்கள்.

கடைசியில் நாட்டாமைதான் சொன்னார்: "ஆனது ஆச்சு. ஆசாரி, துளையை வெளியே தெரியாம அடைச்சுக் குடு."

ஆசாரி அடைத்தார். கறுத்த தேக்குப் பெட்டியில், தந்தம்போல் வெளுத்த வெட்பாலை மரத்துண்டு.

இன்றும் திருவிழாவுக்கு அந்தப் பெட்டி வெளியே வந்தால், ஊரே தலையைக் குனிந்துகொள்கிறது.