களிமண்ணு பிடிச்ச நூல்

எலும்பே மக்கிப்போற மண்ணுல ஒரு நூல் எப்படி நிக்கும்னு கேக்குறியே பிச்சம்மா, நின்னுச்சு. நான் முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத.

அந்தக் காலத்துல, மண்ணும் மிருகமும் பேசிக்கிட்டு இருந்தப்ப, ஒவ்வொரு உயிருக்குள்ளயும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூல் உண்டு. காது இப்படி, வாலு இப்படின்னு எல்லாம் அதுலதான் எழுதியிருக்கும். இப்பவும் உண்டு, அத விடு.

ஒரு பொட்ட நரிக்குக் குட்டி பொறந்து ஏழாம் நாளு செத்துப்போச்சு. அப்பன் மலைக்குப் போனவன், மழைக்குத்தான் திரும்புவான். பிள்ள முகத்தப் பாத்ததில்ல. அந்தக் குட்டியோட நூலையாவது அவனுக்குக் காட்டணும்னு இவளுக்கு ஆச. ஆனா மண்ணுக்குள்ள இருக்குற பொடி உயிருங்க நூலக் கடிச்சே தின்னுடும். அதுங்களுக்கு ஏன் அவ்வளவு பசின்னா, ஒரு கல்யாணப் பந்தியில நடந்த சண்ட, அது வேற.

நூலப் பிடிச்சு வச்சுக்கச் சொல்லி மணலக் கேட்டா. "என் கையில தண்ணியே நிக்காது, இது எங்க நிக்கும் அக்கா"னுட்டான்.

களிமண்ணு பாவம், சரின்னுட்டா. களிமண்ணு நெருங்க நெருங்க நூலு விலகுது. என்ன தப்பு பண்ணோம்னே அவளுக்குப் புரியல.

பக்கத்துல இருந்த சுண்ணாம்பு சிரிச்சான். "ரெண்டு பேருக்கும் ஒரே குணம் மதினி, ஒட்டாது. நடுவுல நான் நிக்கிறேன்." ஒரு கையில களிமண்ண, ஒரு கையில நூலப் பிடிச்சான். ஒட்டிக்கிச்சு. பொடி உயிருங்க முட்டிப் பாத்துட்டுப் போயிடுச்சு.

பிடிக்கப் பழகின களிமண்ணு அதோட நிறுத்தல. தவள செத்தா அதோட நூலு, எலி செத்தா அது, காஞ்ச கோரப்புல்லு வேற.

மழ வந்ததும் அப்பன் நரி களிமண்ணுகிட்ட வந்தான். "எங்க எம்புள்ள?"

"எங்கிட்டதான் இருக்கு அண்ணே. எதுன்னுதான்..." தவளையோடதத் தொட்டா நரி மாதிரி இருக்கு, நரியோடது புல்லு மாதிரி. தல சுத்துது அவளுக்கு.

"எல்லாத்தையும் விடு. எது எங்கிட்ட வருதுன்னு பாப்போம்."

"விட்டா தின்னுடுமே அண்ணே."

அவன் மூக்க மண்ணுல வச்சு ரொம்ப நேரம் படுத்துக் கிடந்தான். பொட்ட நரியும் வந்து பக்கத்துல படுத்தா. அப்புறம் அவன் சொன்னான்: "அப்போ ஒண்ணையும் விடாத."

அன்னையிலேர்ந்துதான், தோலு போனாலும் எலும்பு போனாலும் களிமண்ணு நூல விடுறதில்ல. யாரோடதுன்னு கேட்டா மட்டும் இன்னமும் முழிக்கிறா.

ஏ கோமதி, தூறல் விழுது, காயுற வடகத்த உள்ள எடுத்துட்டு வா.