டிராஃப்டில் இருந்த கடிதம்

மலையடிவாரத்து ஆசிரமம் அது. மதியச் சாப்பாடு முடிந்ததும் மேகம் இறங்கி வந்து கூடத்துக்குள் புகுந்துவிடும். எதிரே இருப்பவரின் குரல் கேட்கும், முகம் தெரியாது.

அங்கே சங்கரலிங்கம்தான் சமையல். வயது அறுபத்திரண்டு. ஆசிரமத்தின் குரு வேதவல்லி அவரைவிட இருபத்தைந்து வயது இளையவர். சங்கரலிங்கம் குருவை அம்மா என்பார். குரு அவரை அண்ணாச்சி என்பார்.

ஒருநாள் ஆசிரமத்துக் கம்ப்யூட்டரில் சங்கரலிங்கத்தின் பெயருக்கு ஒரு மெயில் வந்தது. ஆங்கிலத்தில் இருந்தது. வேதவல்லி தமிழில் சொன்னார்.

‘அன்புள்ள தாத்தா, என் பெயர் லீனா. பத்து வயது. நார்வேயில் இருக்கிறேன். எனக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆசிரமத்தின் வலைப்பக்கத்தில் பெரிய அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பது நீங்கள்தானே? அம்மா அந்தப் படத்தை அடிக்கடி பார்க்கிறாள். நான் போனால் மூடிவிடுகிறாள். இது அவளுடைய மெயில். எனக்கென்று தனியாக ஒன்று இல்லை. அவளுக்குத் தெரியாமல் எழுதுகிறேன். பதில் போடுங்கள்.’

சங்கரலிங்கம் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகள் கோமதியின் பெயரை அவர் வாயால் சொல்லிப் பதினான்கு வருஷமாகிறது. தன் விருப்பப்படி ஒருவனைக் கட்டிக்கொண்டு கடல் தாண்டிப் போனவள் அவள்.

“நான் பதில் எழுதட்டுமா அண்ணாச்சி?”

“வேண்டாம்மா. நானே எழுதணும். சொல்லிக் குடுங்க.”

எட்டாம் வகுப்போடு நின்றவர். ஆங்கில எழுத்துகள் தெரியும், சொற்கள்தான் கைவசம் இல்லை. மறுநாளிலிருந்து பாத்திரம் கழுவியானதும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தார். ஒரு நோட்டுப் போட்டார். வந்த கடிதம் இருக்கும் இடம் இன்பாக்ஸ். பதிலுக்கு ரிப்ளை. எழுதி முடிக்காதது டிராஃப்ட். போனால் சென்ட். வேண்டாமென்று அழித்தால் டிலீட்.

“‘சாரி ஃபார் தி டிலே’ன்னா என்னம்மா?”

“தாமதத்துக்கு மன்னிக்கணும்னு அர்த்தம்.”

“எவ்வளவு தாமதம் வரைக்கும் இதைச் சொல்லலாம்?”

“அதுக்கு ஒண்ணும் வரம்பு கிடையாது அண்ணாச்சி.”

நோட்டில் அதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அரிசி களையும்போது கழுநீரில் அந்த எழுத்துகள் மிதந்து கரைவது போலிருக்கும். பிற்பகலில் கண்ணயர்ந்தால் ஒரு பெரிய வீட்டுக்குள் நடப்பார். ஒவ்வொரு அறையின் வாசல் நிலைக்கு மேலே ஒரு சொல் எழுதியிருக்கும். இன்பாக்ஸ் என்ற அறையில் விளக்கெரியும், யாரோ பேசிச் சிரிக்கும் சத்தம் வரும். கதவைத் தொடப் போவார். கதவு ஒரு முழம் தள்ளிப் போகும். திரும்பினால் டிராஃப்ட் என்ற அறையில் அவரே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார், தலை நிமிராமல்.

தினமும் ஒரு கடிதம் எழுதினார். ஒன்றையும் அனுப்பவில்லை.

“இன்னும் ரெண்டு சொல் தெரிஞ்சா நல்லா வரும்மா” என்பார்.

ஒன்றரை மாதம் போயிற்று. நோட்டில் முந்நூறு சொற்கள் சேர்ந்தன. டிராஃப்டில் நாற்பது கடிதங்கள்.

அன்று மேகம் கனத்து இறங்கியிருந்தது. மேஜை விளக்கைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் தெரிந்தது.

“அம்மா, எல்லாச் சொல்லும் படிச்சாச்சு. நான் செஞ்சதுக்கு ஒரு சொல் கிடைக்க மாட்டேங்குது. அது இல்லாம எதை அனுப்ப?”

வேதவல்லி சங்கரலிங்கத்தின் பெயரில் புதிதாக ஒரு மெயில் ஐ.டி. உண்டாக்கித் திரையை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு தன் செல்போனை எடுத்து எதையோ தட்டினார்.

திரையில் ஒரு வரி வந்து விழுந்தது. தடித்த எழுத்தில், வேதவல்லி.

சங்கரலிங்கம் பரபரப்போடு திறந்தார். உள்ளே வெள்ளையாக இருந்தது. கீழே இறக்கிப் பார்த்தார். மேலே ஏற்றிப் பார்த்தார்.

“இதுல ஒண்ணுமே இல்லையேம்மா.”

“திறக்கிறதுக்கு முன்னாடி உங்களுக்கு எப்படி இருந்துச்சு?”

“பேரைப் பாத்ததும் நெஞ்சு திக்குனு ஆச்சு.”

“எந்தச் சொல்லைப் பாத்து?”

சங்கரலிங்கம் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தார். லீனாவின் கடிதம் வந்த முகவரியை வேதவல்லி மேலே போட்டுக் கொடுத்தார். சங்கரலிங்கம் ஒரு விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார்.

‘டியர் லீனா, யெஸ், தட் இஸ் மீ. ஐ ஆம் வெல். சாரி ஃபார் தி டிலே. யுவர் தாத்தா, சங்கரலிங்கம்.’

“மேல சப்ஜெக்ட்னு ஒரு கட்டம் இருக்கே. அதுல என்ன போட?”

“எதைப் பத்தின கடிதம்னு போடணும்.”

“அது இந்தக் கட்டத்துக்குள்ள அடங்காதேம்மா.”

“அப்ப விட்டுடுங்க.”

விட்டுவிட்டார். சென்ட் என்ற இடத்தில் விரல் ஒரு நிமிஷம் நின்றது. அழுத்தினார். கடிதம் திரையிலிருந்து போய்விட்டது. அவர் நாற்காலியில் சாய்ந்தார்.

“அம்மா, இது முதல்ல கோமதி கண்ணுலதான் படும்.”

“ஆமா.”

“அவ போன வருஷமே எனக்குக் கடுதாசி போட்டா. ரிஜிஸ்டர் தபால். நான் கையெழுத்துப் போட்டு வாங்கல. வேண்டாம்னா உறை மேல எழுதித் தரணும்னார் தபால்காரர். ‘ரெஃப்யூஸ்ட்’னு எழுத்துக் கூட்டிச் சொன்னார். நானே எழுதிக் குடுத்தேன். நான் முதமுதல்ல எழுதின இங்கிலீஷ் சொல் அதுதாம்மா. அப்புறம் வந்ததுக்கு அவர் சொல்ல வேண்டியிருக்கல. எனக்கே மனப்பாடம் ஆயிட்டுது.”

மேகத்துக்குள் வேதவல்லியின் முகம் தெரியவில்லை.

“எத்தனை கடுதாசி வந்துச்சு?”

“அஞ்சு. ஒண்ணையும் பிரிக்கல.”

வெளியே கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“அவளும் என்னுதைத் திறக்காமலே அழிச்சிட்டா என்னம்மா செய்ய?”

“அவ அஞ்சு எழுதினா அண்ணாச்சி. நீங்க இப்பத்தான் ஒண்ணு எழுதியிருக்கீங்க.”