பக்கத்து மாநிலத்துப் புகை

தணிகைவேல் மாநிலச் சுற்றுச்சூழல் துறையில் பெரிய அதிகாரி. மாநிலம் ஆண்டுக்கு எவ்வளவு பசுமைக்குடில் வாயுவைக் காற்றில் விடுகிறது என்று கணக்கெடுப்பது அவர் பொறுப்பு. அனல்மின் நிலையம், லாரி, நெல்வயல், குப்பைமேடு எதுவும் தப்பாது. மாடு விடும் ஏப்பம்கூடக் கணக்கில் உண்டு.

மனசு குழம்பினால் அவர் போவது பூரணி அம்மையின் மடத்துக்கு. அம்மை அவரைவிட வயதில் இளையவர். தணிகைவேல் அதைப் பார்ப்பதில்லை. காரை விட்டு இறங்கியதும் விழுந்து கும்பிடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தார்.

"அம்மா, போன வருஷத்தைவிட இந்த வருஷம் வாயு குறைஞ்சிருக்கு."

"நல்ல சேதிதானே. முகம் ஏன் இப்படி இருக்கு?"

"ஒரு அனல்மின் நிலையத்தை மூடிட்டோம். அந்தக் கரண்டைப் பக்கத்து மாநிலத்துல வாங்குறோம். அங்கேயும் நிலக்கரிதான் எரியுது. ஆனா புகை எங்க வருதோ, கணக்கு அந்த ஊருக்குத்தான். விதி அப்படி. அமைச்சர் நாளைக்குச் சாதனைன்னு அறிவிக்கப் போறார். அறிக்கையில நான் கையெழுத்துப் போடணும். போடலாமா?"

அம்மை சமையலறைப் பக்கம் திரும்பினார்.

"தெய்வானை, அடுப்பையும் சோத்துப் பானையையும் தூக்கிட்டுப் போய் ஐயா கார் பக்கத்துல வச்சு எரி."

வெயிலுக்காகக் கார்க் கண்ணாடிகளை இறக்கி வைத்திருந்தார் தணிகைவேல். விறகோ ஈரம். கொஞ்ச நேரத்தில் காரே தெரியவில்லை. இருக்கையில் விரித்திருந்த வெள்ளைத் துண்டு பழுப்பேறியது.

"அம்மா! என் கார்!"

"மடத்துல துளி புகை இல்ல, பாத்தீங்களா?"

"கொதிக்கிறது உங்க சோறும்மா!"

"சோறு எங்களது. புகை உங்க கார்லதானே இருக்கு? உங்க பேர்ல எழுதிக்கோங்க."

தணிகைவேல் இருமினார். இருமல் நடுவிலேயே சிரிப்பாக மாறியது. பிறகு அதுவும் நின்றது.

பந்தியில் உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"ரெண்டையும் எழுதிடுறேம்மா. இங்க விட்டதையும், நம்ம கரண்டுக்காக அங்க விட்டதையும். கூட்டினா போன வருஷத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் வரும்."

"எழுதுங்க."

"அமைச்சர் சும்மா விடமாட்டார். தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவார்."

அம்மை அவர் இலையில் ரசத்தை ஊற்றினார்.

"தண்ணி இல்லாட்டிப் போகுது. காத்து இருக்கும்ல?"