சங்குத் தெருவில் போட்ட கோடு

குருவுக்கு வயது நாற்பத்து மூன்று. சீடருக்கு அறுபத்திரண்டு. உலகத்தில் இப்படியும் நடக்கும்.

குருவின் பெயர் உலகம்மை. ஆற்றங்கரையில் இருந்த ஒரு சின்ன நகரத்தின் நகரமைப்புக் குழுவுக்கு அவள் தலைவி. யார் எங்கே கட்டலாம், எவ்வளவு கட்டலாம் என்று ஊராரைக் கேட்டு முடிவு சொல்கிற குழு அது. சீடர் ஆவுடையப்பன் நகராட்சியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையை விட்டாரே தவிர அளவு டேப்பை விடவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் பந்தலை மனசுக்குள் அளந்த பிறகுதான் இலைக்கு முன்னால் உட்காருவார்.

குழுவில் உறுப்பினராகச் சேர்ந்த புதிதில் அவர் உலகம்மையிடம் கேட்டார்.

"இத்தனை வருஷம் நான் விதியைத்தாம்மா பாத்தேன். நீங்க வேற என்னத்தையோ பாக்குதீங்க. அது என்னன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க."

"சொல்லிக் குடுக்க எனக்குத் தெரியாது அண்ணாச்சி. கூட வாங்க."

அன்றிலிருந்து அவர் கூடப் போய்க்கொண்டிருக்கிறார்.

ஒரு வியாழக்கிழமை சங்குத் தெருச் சண்முகவடிவின் மனு வந்தது. அவளுடைய வீட்டுக் கொல்லையில் ஒற்றை அறையும் சின்ன அடுப்படியுமாக ஒரு வீடு கட்ட வேண்டும். அண்ணன் மகிழ்வண்ணனுக்காக. கணக்கு வாத்தியாராக இருந்தவர். சர்க்கரை வியாதி கண்ணைக் கொண்டுபோய்விட்டது. மனைவி மக்கள் கிடையாது. கண் தெரியாத ஒற்றை ஆளுக்கு யாரும் வாடகைக்கு வீடு தரவில்லை. அடுப்பைப் பற்ற வைத்து வீட்டைக் கொளுத்திவிடுவாராம். இப்போது தங்கை வீட்டு மாடிப்படிக்கு அடியில் ஒரு திரையைத் தொங்கவிட்டு அதற்குள் படுத்துக்கொள்கிறார். அனுமதி கிடைக்காவிட்டால் வெளியூரில் ஏதோ ஓர் இல்லத்தில் போய்ச் சேர்ந்துகொள்வதாகச் சொல்லியிருந்தார். அதைச் சொன்ன நாளிலிருந்து சண்முகவடிவு சரியாகச் சாப்பிடுவதில்லை.

சங்குத் தெருக்காரர்கள் எதிர்ப்புச் சொல்ல நகராட்சிக் கூடத்துக்கு வந்திருந்தார்கள். முன்னால் நின்றவர் தளவாய். கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். குரலிலேயே அண்டா உருளும்.

"கொல்லையில ஒரு வீடு வந்தா, தெருவுல ஒரு வண்டி வரும். இப்பவே நிறுத்த இடம் கிடையாது" என்றார்.

மகிழ்வண்ணன் சிரித்துவிட்டார். "எனக்கா வண்டி? நான் ஓட்டினா தெருவே காலியாயிரும் தளவாய்."

கூடம் முழுக்கச் சிரிப்பு. தளவாய் மட்டும் சிரிக்கவில்லை.

"சார் இருக்கிற வரைக்கும் சரி. நாளைக்கு அதை வாடகைக்கு விடுவாங்க. வாரவன் காரோட வருவான். இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்கின கதைதான்."

உலகம்மை பேனாவைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி, உங்களுக்கு நெசமா என்ன பயம்?"

தளவாய் பதில் சொன்னபோது குரலில் அண்டா இல்லை.

"ஆடி மாசம் எங்க வீட்டுக்காரிக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் உள்ள வர முடியாம தெருமுக்குலயே நின்னுட்டு. அவளைப் பிளாஸ்டிக் சேர்ல உக்கார வச்சுத் தூக்கிக்கிட்டு ஓடினோம். என்னமோ பிழைச்சுக்கிட்டா. இன்னொரு தடவை அப்படித் தூக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

மகிழ்வண்ணன் தளவாயின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தலைகுனிந்திருந்தார்.

ஆவுடையப்பன் உலகம்மையின் காதோரம் சாய்ந்தார்.

"விதியில வழி இருக்கும்மா. வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தம் கட்டாயம். வரைபடத்துல அந்த அறையைப் பாதியாக் குறைச்சா, மிச்சத்துல கார் நிக்கும். தெருவுக்கு வராது."

"ஆளு?"

"ஆளும் நிக்கலாம்" என்றார் ஆவுடையப்பன். பிறகு யோசித்து, "படுக்கத்தான் கொஞ்சம் கஷ்டம்" என்றார்.

முடிவு அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. படி இறங்கும்போது ஆவுடையப்பன் மனசு தாங்காமல் கேட்டார்.

"ரெண்டு பேரு சொல்லுததும் நியாயமாத்தான் இருக்கு. தெரு ஒண்ணுதான். அதை யாருக்குன்னு குடுக்க?"

"ஒரு மூட்டை சுண்ணாம்புப் பொடி வாங்கிருங்க அண்ணாச்சி."

குரு என்றால் இப்படித்தான். கேட்டது ஒன்று, கிடைப்பது ஒன்று. ஆவுடையப்பன் சுண்ணாம்பு வாங்கினார்.

அந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இடத்தைப் பார்க்கப் போனால் ஜீப்பை விட்டு இறங்குவதில்லை. சன்னல் வழியாகப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு, அப்படியே திரும்பிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் உலகம்மை இறங்கினாள். ஆவுடையப்பனும் மூட்டையோடு இறங்கினார்.

கொல்லையில் ஒரு முருங்கை மரம், ஒரு துவைகல், கொடியில் காய்கிற துணி. தெருக்காரர்கள் மதிலோரம் கூடிவிட்டார்கள்.

"வரைபடத்துல இருக்குத அறையை இங்க தரையில போடுங்க" என்றாள் உலகம்மை.

ஆவுடையப்பன் அளந்து, பொடியைத் தூவி, அறையைப் போட்டார். நேர்த்தியான கோடு. அவருக்கே பெருமையாக இருந்தது.

"இப்ப விதியில இருக்குத கார் நிறுத்தம்."

அதையும் போட்டார். அது அறையின் பாதியைத் தின்றுவிட்டு, முருங்கையையும் விழுங்கி, துவைகல்லில் போய் முட்டியது.

"இந்தக் கார் இங்க எந்த வழியா வரும்?"

ஆவுடையப்பன் திரும்பிப் பார்த்தார். தெருவிலிருந்து கொல்லைக்கு வருவதற்கு வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்துதான் இருந்தது. மூட்டையோடு அதில் ஒருக்களித்துத்தான் அவரே வந்திருந்தார். காகிதத்தில் அந்தச் சந்தைப் பார்த்த ஞாபகமே அவருக்கு இல்லை.

"வராதும்மா" என்றார்.

சண்முகவடிவு அண்ணனைக் கைபிடித்து அழைத்துவந்து கோட்டுக்குள் விட்டாள். மகிழ்வண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் சுண்ணாம்பைத் தடவித் தடவி நடந்தார். மூலைக்கு மூலை நின்றார்.

"கட்டில் இந்தப் பக்கம். அடுப்பு அங்க. சன்னல் கிழக்க பாத்தா?"

"ஆமா சார்" என்றார் ஆவுடையப்பன்.

"நல்லது. வெயில் முகத்துல பட்டா விடிஞ்சிட்டுன்னு தெரிஞ்சுக்கிடலாம். படிக்கு அடியில அது தெரிய மாட்டேங்குது."

சண்முகவடிவு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆவுடையப்பன் இத்தனை வருஷம் எத்தனையோ அறைகளை அளந்திருக்கிறார். ஒன்றிலும் விடிந்ததை அவர் பார்த்ததில்லை.

உலகம்மை கார் நிறுத்தத்தின் கோட்டைக் காலால் அழித்தாள். மதிலோரம் முணுமுணுப்பு எழுந்தது.

"அப்ப எங்க தெரு?" என்றார் தளவாய்.

"அங்கதான் போறோம் அண்ணாச்சி. ஆம்புலன்ஸுக்கு எவ்வளவு அகலம் வேணும்?"

ஆவுடையப்பன் முந்திக்கொண்டார். "ஆளை இறக்கி ஏத்தவும் சேத்து எட்டடி இருந்தா தாராளம்."

"முக்குல இருந்து தளவாய் அண்ணாச்சி வாசல் வரைக்கும் எட்டடி விட்டு ரெண்டு கோடு. போடுங்க."

ஆவுடையப்பன் முக்கிலிருந்து ஆரம்பித்தார். கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, நிமிர்ந்துவிட்டார்.

"ஜீப் நிக்குதும்மா."

"யாரு ஜீப்பு?"

"நம்ம குழு ஜீப்புதான்."

"கோடு எங்க போகணும்?"

"அதுக்கு அடியில."

"அப்ப அடியில போடுங்க."

அறுபத்திரண்டு வயதில் ஆவுடையப்பன் தெருவில் மண்டிபோட்டு ஜீப்புக்கு அடியில் சுண்ணாம்பு தூவினார். ஜீப்புக்குப் பின்னால் ஒரு பால்காரர் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் மணியை அடித்துக்கொண்டிருந்தார்.

ஜீப்பைத் தாண்டினால் ஒரு வெள்ளைக் கார். அதைத் தாண்டினால் ஒரு சிவப்புக் கார். பிறகு ஒரு வேன். கோடு எல்லாவற்றுக்கும் அடியில் போயிற்று. சண்முகவடிவு வீட்டு வாசலில் மட்டும்தான் அது வெறும் தரையில் போயிற்று. அங்கே ஒரு கோலம் இருந்தது, அவ்வளவுதான்.

"எல்லா வீட்டுலயும் கார் ஷெட் இருக்கும்மா" என்றார் ஆவுடையப்பன். அவருக்கு இது மானப் பிரச்சினை. "ஒவ்வொண்ணையும் நான்தான் அளந்து சான்று குடுத்தேன். ஒரு அங்குலம் குறையாது."

"திறந்து பாக்கலாமா?"

வெள்ளைக் கார்க்காரர் ஷெட்டைத் திறந்தார். டியூஷன் பெஞ்சுகள். சிவப்புக் கார்க்காரர் திறந்தார். உடைந்த கட்டில், பழைய ஏர்கூலர், போன கிறிஸ்துமஸுக்குக் கட்டின நட்சத்திரம். கடைசியில் தளவாய் திறந்தார். கூரை வரைக்கும் அண்டாவும் தாம்பாளமும் அடுக்கியிருந்தன. வெளியே கோட்டின் மேல் நின்றது அவருடைய வேன்தான்.

ஷெட்டுகள் ஓர் அங்குலமும் குறையாமல் இருந்தன. அதில் ஆவுடையப்பன் சொன்னது சரிதான்.

தளவாய் வேனைப் பார்த்தார். முக்கைப் பார்த்தார். ஆம்புலன்ஸ் வந்த அன்றைக்கும் வேன் அங்கேதான் நின்றிருந்தது என்பது அவர் முகத்தைப் பார்த்த எல்லாருக்கும் தெரிந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை. வாசலில் நின்ற அவர் மனைவியும் சொல்லவில்லை. அவள் உள்ளே போய் எல்லாருக்கும் மோர் கொண்டுவந்தாள்.

அடுத்த வியாழக்கிழமை குழு முடிவு சொன்னது. கொல்லை வீட்டுக்கு அனுமதி. கார் நிறுத்தம் தேவையில்லை என்று விலக்கு. தெருவில் எட்டடி எப்போதும் காலியாக இருக்க வேண்டும்.

தளவாய் எழுந்தார். "நாளைக்குக் காரோட ஒருத்தன் குடிவந்தா?"

"கோடு அவருக்கும்தான் அண்ணாச்சி."

தளவாய் உட்கார்ந்தார். திரும்பவும் எழுந்தார். "ஷெட்டைக் காலி பண்ண எனக்குக் கொஞ்ச நாள் வேணும்" என்றார்.

சண்முகவடிவு கும்பிட்டாள். மகிழ்வண்ணன் தங்கையின் தோளைத் தொட்டு, "இனிமேலாவது சாப்பிடு" என்றார்.

ஆவுடையப்பனுக்கு மட்டும் திருப்தி வரவில்லை.

"சுண்ணாம்பு ஒரு மழைக்குத் தாங்காதேம்மா. பெயிண்ட் அடிப்போம். போர்டு வைப்போம். அபராதம்னு எழுதிப் போட்டாத்தான் நம்ம சனம் கேக்கும்."

"மழை வரட்டும்" என்றாள் உலகம்மை.

ஐப்பசியில் வந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய மழை. கோடு போன இடம் தெரியாமல் போயிருக்கும் என்று ஆவுடையப்பனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மழை வெறித்த அன்று காலையில் இன்னொரு சுண்ணாம்பு மூட்டையை ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஸ்கூட்டரை முக்கிலேயே ஓரமாக நிறுத்திவிட்டு, மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கொல்லைப் பக்கம் கொத்தனாரின் கரணைச் சத்தம் கேட்டது. வீடு சன்னல் மட்டத்துக்கு எழும்பிவிட்டதாம்.

தெருவில் தளவாய் குனிந்திருந்தார். கையில் பொடி நிறைந்த ஒரு பழைய தூக்குவாளி. முக்கிலிருந்து நீளமாக ஒரு கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு மகிழ்வண்ணன் நின்றார்.

"இழுத்துப் பிடிங்க சார். தொய்யுது."

"நான் நேராத்தான் நிக்கேன். நீர்தான் வளையுதீரு."

"கோலம் இருக்கு சார், அதான். அதைச் சுத்திக்கிட்டு வாரேன்."

வெள்ளைக் கார் வாசலில் இல்லை. சிவப்புக் கார் ஷெட்டுக்குள் இருந்தது. மூக்கு மட்டும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, கூடவே நட்சத்திரமும். வேனைக் காணோம்.

ஆவுடையப்பன் மூட்டையை இறக்கி வைத்தார். பழக்க தோஷம், கை இடுப்பில் இருந்த டேப்புக்குப் போனது. அளந்தார். நம்பாமல் இன்னொரு தடவை அளந்தார். நேராக நகராட்சி மாடியில் இருந்த குழு அலுவலகத்துக்குப் போய் உலகம்மைக்கு முன்னால் நின்றார். மூச்சு வாங்கியது.

"அவங்களே கோடு போட்டுட்டாங்கம்மா."

"அப்படியா?"

"சந்தோஷம்தான். ஆனா கோணலா இருக்கு. கோலத்துக்கிட்ட வளையுது. அதோட அகலம் எட்டரை அடி வருது. நம்ம உத்தரவு எட்டு. அரையடி கூடுதல்." டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டார். "போய்ச் சரி பண்ணிட்டு வந்துரட்டுமா?"

உலகம்மை எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"நாம கேட்டது எட்டு. அவங்க குடுத்தது எட்டரை. அந்த அரையடியை எந்த விதியை வச்சுப் பிடுங்குவீங்க அண்ணாச்சி?"