ஏழு பேரின் கிண்ணம்

"அந்தக் கிண்ணத்தில் நான் வாய் வைக்கமாட்டேன், தாயே," என்றான் தோர்தா.

மாகியர்களின் ஏழு குலங்களில் ஒன்றுக்கு அவன் தலைவன். தலை நரைத்தவன். அவன் தாயே என்று அழைத்த உனேக்கா அவனைவிட இளையவள். ஆவிகளோடு பேசுகிறவள் என்பதால் தலைவர்களும் அவளுக்குப் பணிந்தார்கள்.

பின்னாளில் ஹங்கேரி என்று பெயர் பெற்ற சமவெளி அப்போது வெறும் புல்லும் பனியும்தான்.

உனேக்கா சடங்குக்காகக் குதிரைப்பால் கறந்துகொண்டிருந்தாள். மூடுபனியில் குதிரையின் கால்கள் தெரியவில்லை. அது மேகத்தின்மேல் நிற்பது போலிருந்தது.

"ஏனாம்?"

"ஏழு தலைவர்களும் கை கீறி அதில் ரத்தம் விடுவோம். கெவேயும் விடுவான். மேய்ச்சல் சண்டையில் என் தம்பியைக் கொன்றவன்."

"மற்றவர்கள் ரத்தம் பரவாயில்லையா?"

"ஒண்ட் குடிகாரன். அவனுக்கு ஓடுவது ரத்தமா, புளித்த குதிரைப்பால் கள்ளா என்றே தெரியாது. அதைக்கூடக் குடிப்பேன்."

"நீ குடிக்காவிட்டால்?"

தோர்தா புல்லைப் பார்த்தான்.

"என் சனங்களுக்கு இங்கே இடமில்லை. மலை தாண்டித் திரும்ப வேண்டும். அங்கே எதிரிகள் காத்திருக்கிறார்கள்."

"தம்பி செத்த அன்று என்ன சபதம் செய்தாய்?"

"கெவேயின் ரத்தத்தைக் குடிப்பேன் என்று."

"பிறகென்ன? கையிலேயே கொண்டுவந்து கொடுக்கப்போகிறார்கள். அதற்கும் முகத்தைச் சுளிக்கிறாயே!"

குதிரை கனைத்தது. தோர்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

பனி விலகுமுன் தலைவர்கள் ஆற்றங்கரையில் வட்டமாக நின்றார்கள். ஆளுக்கொரு கீறல். பால் மெல்லச் சிவந்தது.

"இனி நாம் ஒரே சனம், ஒரே நாடு," என்று ஒவ்வொருவராகச் சொல்லிக் குடித்தார்கள்.

கெவே குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தோர்தாவிடம் நீட்டினான். முகத்தை நிமிர்த்தவில்லை.

தோர்தா ஒரு வாய் எடுத்தான். விழுங்கவில்லை.

இத்தனை காலம் காத்திருந்த ருசியை நாக்கால் தேடினான். வெதுவெதுப்பாக இருந்தது. உப்பாக இருந்தது. அவ்வளவுதான்.

ஆறு ஓடாமல் நின்றுவிட்டது போலிருந்தது. வண்டிகளின் பக்கத்தில் அவனுடைய சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் அவன் தொண்டையையே பார்த்தார்கள்.

உனேக்கா அருகில் வந்தாள். உள்ளங்கையைக் குவித்து அவன் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"கஷ்டமாக இருந்தால் துப்பிவிடு," என்றாள். "அவனுடையதை மட்டும்."